நுரை நிற்பதற்காகப் போட்ட உப்பு: கியூபெக் பீரும் கோபால்ட்டும்

1965 ஆகஸ்ட். கனடாவின் கியூபெக் நகரத்து மருத்துவமனைகளுக்கு ஒரே சாயலில் நோயாளிகள் வர ஆரம்பித்தார்கள். பெரும்பாலும் நடுவயது ஆண்கள், உடலுழைப்பு வேலை செய்பவர்கள். மேல்வயிறு வலிக்கிறது, வாந்தி வருகிறது, சாப்பாடு இறங்கவில்லை என்று ஆரம்பிக்கும். கொஞ்ச நாளில் மூச்சு வாங்கும். முகம் சாம்பலும் ஊதாவும் கலந்த ஒரு நிறத்துக்குப் போகும். நாடி தறிகெட்டு ஓடும், ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே இருக்கும். எக்ஸ்ரேயில் இதயம் நெஞ்சுக்கூட்டை அடைத்துக்கொண்டு பெரிதாகத் தெரியும். இதய உறைக்குள் நீர் கோர்த்திருக்கும். சிலர் படுக்கையில் சேர்த்த ஓரிரு நாளிலேயே போய்விட்டார்கள்.

1966 ஏப்ரல் வரை இப்படி வந்தவர்கள் ஏறத்தாழ 50 பேர். இறந்தவர்கள் 20 பேர்.

எல்லோருக்கும் பொதுவான விஷயம் கண்ணுக்கு நேராகவே இருந்தது: குடி. அதிலும் பீர். ஏதோ மாலையில் ஒரு பாட்டில் என்று குடிப்பவர்கள் இல்லை. ஒரு நாளைக்கு ஏழெட்டு லிட்டர் சாதாரணம், அதற்கு மேலும் போனவர்கள் உண்டு. அதனால் மருத்துவர்களின் முதல் சந்தேகம் இரண்டு பக்கம் போனது. ஒன்று, பல வருடக் குடியால் இதயத்தசை தளர்ந்துபோகும் நோய். இன்னொன்று, தயமின் என்ற பி1 வைட்டமின் குறைவதால் வரும் பெரிபெரி. குடிகாரர்கள் சரியாகச் சாப்பிடுவதில்லை, பி1 குறையும், இதயம் வீங்கும். பாடப்புத்தகத்தில் உள்ள கதைதான். தயமின் கொடுத்துப் பார்த்தார்கள். பெரிபெரி என்றால் தயமின் உள்ளே போன வேகத்தில் நோயாளி எழுந்து உட்கார வேண்டும். இங்கே அப்படித் தெளிவாக யாரும் தேறவில்லை.

குடிதான் காரணம் என்ற முதல் விளக்கமும் கணக்குக்கு ஒத்துவரவில்லை. குடியால் வரும் இதய நோய் வருடக்கணக்கில் மெல்ல ஏறுவது. இது திடீரென்று வந்து நாள்கணக்கில் ஆளைக் கொண்டுபோனது. அப்புறம், கியூபெக் நகரத்தில் மனிதர்கள் 1965 ஆகஸ்டில்தான் குடிக்கப் பழகினார்களா என்ன? அந்த ஊருக்கு அந்த மாதத்தில் புதிதாக ஏதோ வந்திருக்க வேண்டும்.

கியூபெக்கின் இதய மருத்துவர் ஈவ் மோரானும் அவருடைய குழுவினரும் கேட்ட கேள்வி அதுதான். பிற்காலத்தில் கனடா செனட் உறுப்பினராகவும் இருந்தவர் இவர். நோயாளிகள் குடித்தது எந்தப் பீர் என்று விசாரித்தபோது டௌ என்ற ஒரு பீர் ஆலையின் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. அதை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது, ஏனென்றால் கியூபெக் நகரத்தில் விற்ற பீரில் மிகப்பெரும் பங்கு அவர்களுடையதுதான். ஆனால் அந்த ஆலை, முதல் நோயாளி வருவதற்குச் சுமார் ஒரு மாதம் முன்னால், தன் பீரில் புதிதாக ஒரு பொருளைச் சேர்க்கத் தொடங்கியிருந்தது. கோபால்ட் சல்பேட், அதாவது கோபால்ட் என்ற உலோகத்தின் உப்பு.

பீரில் உலோகத்துக்கு என்ன வேலை?

நுரைக்காக. அந்தக் காலத்தில் மதுக்கடைகளில் கண்ணாடிக் கோப்பைகளைக் கழுவ செயற்கைச் சலவைப்பொருள்கள் புழக்கத்துக்கு வந்திருந்தன. கோப்பையில் அதன் மிச்சம் துளி ஒட்டியிருந்தாலும் பீர் நுரை சட்டென்று அடங்கிவிடும். நுரை இல்லாத பீரை வாடிக்கையாளர் பழைய சரக்கு என்று நினைப்பார். கோபால்ட் உப்பு கொஞ்சம் சேர்த்தால் நுரை நின்று பேசும். சேர்த்த அளவு லிட்டருக்குச் சுமார் 1 மில்லிகிராம். அமெரிக்காவில் இதற்கு அரசு அனுமதியே இருந்தது. ரகசியக் கலப்படம் எதுவும் நடக்கவில்லை. அன்றைய விதிகளின்படி எல்லாம் சரியாகத்தான் நடந்தது. இந்த வழக்கில் எனக்கு அதிகம் உறுத்துவது இதுதான்.

சந்தேகத்தை உறுதிப்படுத்தியது பிரேதப் பரிசோதனை. இறந்தவர்களின் இதயத்தை மட்டும் பார்த்திருந்தால் விஷயம் தெரிந்திருக்காது. தசைநார்கள் சிதைந்திருந்தன, நீர் ஏறியிருந்தது, அவ்வளவுதான். நோயியல் மருத்துவர்கள் தைராய்டையும் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ஆரோக்கியமான தைராய்டில் சின்னச் சின்ன அறைகளும், அவற்றுக்குள் ஹார்மோன் சேர்ந்த கூழும் இருக்கும். இவர்களுக்கு அந்த அறைகள் பலவற்றில் கூழ் வற்றிப்போய், செல்கள் உருமாறியிருந்தன. குடியால் இதயம் கெட்டவருக்குத் தைராய்டு ஏன் இப்படி ஆக வேண்டும்?

இந்தத் தைராய்டு மாற்றம் மருத்துவத்துக்குப் புதிதல்ல. பத்து வருடத்துக்கு முன்னால், ரத்தசோகைக்காகக் கோபால்ட் மருந்து கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்கு முன்கழுத்துக் கழலை வந்ததாக 1955இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் விவரமாக எழுதியிருந்தார்கள். கோபால்ட் தைராய்டுக்குள் அயோடின் சேர்வதைத் தடுக்கும். கியூபெக் நோயாளிகளிடம் இன்னொரு விநோதமும் இருந்தது. பலருக்கு ரத்தத்தில் சிவப்பணுக்கள் வழக்கத்தைவிட அதிகம். சத்துக்குறைவான குடிகாரருக்கு ரத்தம் குறைந்திருக்க வேண்டுமே தவிரக் கூடியிருக்கக் கூடாது. சிவப்பணுவைக் கூட்டுவதுதான் கோபால்ட்டின் கையெழுத்து.

1966 மார்ச் கடைசியில் ஆலை கோபால்ட் சேர்ப்பதை நிறுத்தியது. கையிருப்பில் இருந்த பல லட்சம் லிட்டர் பீரைக் கொட்டி அழித்தது. கொஞ்ச நாளில் புதிய நோயாளிகள் வருவது நின்றுபோனது. அப்புறம் பார்த்தால் இது கியூபெக்கோடு நிற்கவில்லை. அமெரிக்காவின் ஓமஹாவில் 60க்கும் மேற்பட்டவர்கள், மினியாபொலிஸில் இன்னும் பலர், பெல்ஜியத்தின் லூவனில் ஒரு கூட்டம். எல்லா இடத்திலும் அதே இதயம், அதே கோபால்ட் பீர். ஓமஹாவில் இறந்தவர்களின் இதயத்தசையை அளந்தபோது கோபால்ட் சாதாரண அளவைப்போல் ஏறத்தாழ 10 மடங்கு இருந்தது. அமெரிக்க அரசு 1966இலேயே அனுமதியைத் திரும்பப் பெற்றது. டௌ ஆலையின் பெயர் அந்த ஊரில் மீண்டும் எழவே இல்லை.

கணக்கு உதைக்கிறது

இங்கே வழக்கை மூடிவிடலாம் போலத் தோன்றும். ஆனால் அளவைக் கணக்குப் போட்டால் கதை சிக்கலாகிறது.

லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்றால், 8 லிட்டர் குடித்தவருக்கு உள்ளே போனது 8 மில்லிகிராம் கோபால்ட். அதே காலத்தில் மருத்துவர்கள் ரத்தசோகைக்குக் கோபால்ட் குளோரைடை மருந்தாகவே எழுதிக்கொண்டிருந்தார்கள். இரும்போடு சேர்த்து ரான்கோவைட் என்ற பெயரில் அமெரிக்காவில் மாத்திரையாக விற்றது. தினம் 100 மில்லிகிராம், சிலருக்கு 200, 300 வரைகூடக் கொடுத்தார்கள். அந்த உப்பில் உலோகம் கால்பங்குதான் என்று கழித்துப் பார்த்தாலும், 100 மில்லிகிராம் சாப்பிட்டவருக்கு 25 மில்லிகிராம் கோபால்ட் போகிறது. பீர் குடித்தவரைப்போல் மூன்று மடங்கு. அவர்களுக்கு வயிற்றைப் புரட்டியது, காது மந்தமானது, கழலை வந்தது. கியூபெக்கில் கண்டதுபோல் கூட்டங்கூட்டமாக இதயம் நின்று யாரும் இறக்கவில்லை.

மூன்று மடங்கு சாப்பிட்டவர் தப்பிக்கிறார், ஒரு மடங்கு குடித்தவர் சாகிறார். அதே பீரை அதே ஊரில் அதே அளவு குடித்த வேறு பலருக்கு ஒன்றும் ஆகவில்லை. நஞ்சு என்றால் அளவுதான் எல்லாம் என்று நாம் பழகிவைத்திருக்கும் சூத்திரம் இந்த இடத்தில் உதைக்கிறது. எவ்வளவு உள்ளே போனது என்பதோடு, எந்த உடம்புக்குள் போனது என்றும் கேட்டாக வேண்டும்.

கோபால்ட் உடம்புக்குள் என்ன செய்கிறது என்பதைப் பார்த்தால் விடையின் பெரும்பகுதி கிடைக்கும். நம் செல்களுக்குள் ஆக்சிஜன் போதுமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும் ஒரு நொதி உண்டு. அது வேலை செய்ய இரும்பு வேண்டும். இரும்பின் இடத்தில் கோபால்ட் போய் உட்கார்ந்துகொண்டால் நொதி முடங்கும். ஆக்சிஜன் தாராளமாக இருந்தும் செல் மூச்சுத்திணறுவதாக நினைத்துக்கொள்ளும். உடனே சிறுநீரகம் எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோனைச் சுரந்து, சிவப்பணு உற்பத்தியை முடுக்கும். இந்த ஹார்மோன் சிறுநீரகத்திலிருந்துதான் வருகிறது என்று 1957இல் எலிகளில் காட்டியபோதும் கோபால்ட்தான் கருவியாக இருந்தது: சிறுநீரகத்தை எடுத்துவிட்ட எலிக்குக் கோபால்ட் கொடுத்தால் ஹார்மோன் ஏறவில்லை. செல்கள் ஆக்சிஜனை உணரும் அந்த ஏற்பாட்டை விளக்கியவர்களுக்கு 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆக, ரத்தசோகைக்குக் கோபால்ட் கொடுத்ததை மூடத்தனம் என்று சொல்லிவிட முடியாது. மருந்து வேலை செய்தது. உடம்பை ஏமாற்றி வேலை வாங்கியது, அவ்வளவுதான்.

இதயத்தில் நடப்பது வேறு. இதயத்தசைக்கு ஒரு நொடியும் ஓய்வில்லை. சாப்பிட்ட உணவை எரித்து ஆற்றலாக்கும் சுழற்சி அங்கே தடைபடாமல் நடக்க வேண்டும். அந்தச் சுழற்சியில் இரண்டு முக்கியமான படிகளைக் கோபால்ட் அடைக்கிறது. அங்கே தேவைப்படும் லிப்போயிக் அமிலத்தைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. சரியாக அதே இரண்டு படிகளுக்குத் தயமினும் தேவை. பீரை மட்டுமே உணவாகக் கொண்டு, தயமினும் புரதமும் ஏற்கெனவே வற்றிப்போயிருந்தவருக்கு ஒரே இடத்தில் இரண்டு பக்கமிருந்தும் அடி விழுந்தது. மதுவும் இதயத்தசையைத் தன் பங்குக்குப் பதம்பார்க்கும். புரதமும் கோபால்ட்டைப் பிடித்து அடக்கிவைக்க உதவுவதுதான். குடல் வழியாக வரும் கோபால்ட்டின் பெரும்பகுதி ரத்தத்தில் அல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். புரதம் குறைந்தால் கட்டுக்குள் அடங்காத கோபால்ட் அயனி அதிகமாகும். விலங்குச் சோதனைகளும் இதற்கு ஒத்துவந்தன. புரதம் குறைந்த தீனி கொடுத்த எலிகளுக்குக் கோபால்ட்டால் இதயச் சேதம் மோசமாக இருந்தது.

முதலில் பெரிபெரி என்று நினைத்த மருத்துவர்கள் அப்படியொன்றும் தப்பாக நினைக்கவில்லை என்பது என் கருத்து. பாதி விடை அவர்கள் கையில் இருந்தது.

சிறுநீரகம் இல்லாத உடம்பு

பீர் விவகாரத்துக்குப் பிறகும் கோபால்ட் மருந்து முழுதாக ஒழியவில்லை. டயாலிசிஸில் இருப்பவர்களின் ரத்தசோகைக்கு அன்று வேறு நல்ல வழி கிடையாது. மாற்றி மாற்றி ரத்தம் ஏற்ற வேண்டும். அதில் தொற்று பயம். அதனால் 1970களிலும் சில மருத்துவர்கள் குறைந்த அளவில் கோபால்ட் கொடுத்துப் பார்த்தார்கள். டயாலிசிஸில் இருந்த ஓர் இளம்பெண், மாதக்கணக்கில் கோபால்ட் எடுத்தபின் இதயத்தசை நோயால் இறந்ததை 1978இல் பிரிட்டன் மருத்துவ இதழ் வெளியிட்டது. அவர் குடிகாரர் இல்லை. ஆனால் உள்ளே போகும் கோபால்ட்டை வெளியேற்றும் முக்கிய வழி சிறுநீரகம். அது அவருக்கு வேலை செய்யவில்லை. கியூபெக்கில் பார்த்த பாடமே இது, வேறு வாசல் வழியாக வந்தது. 1989இல் செயற்கை எரித்ரோபாய்ட்டின் ஊசிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபின் கோபால்ட் மாத்திரைக்கு அவசியமே இல்லாமல் போனது.

அவசியம் போனது, ஆசை போகவில்லை. சிவப்பணு கூடினால் ஓட்டத்தில் மூச்சு நிற்கும் என்று விளையாட்டு வீரர்களும், குதிரைப் பந்தயக்காரர்களும் கோபால்ட்டைத் தேடிப் போகிறார்கள். உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் தடைப் பட்டியலில் கோபால்ட் இருக்கிறது.

இதைப் படிக்கும் சிலருக்கு ஒரு பயம் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவர் எழுதிக்கொடுக்கும் பி12 ஊசி சிவப்பாக இருக்கிறதே, அதற்குள்ளும் கோபால்ட் இருக்கிறது. ஒவ்வொரு பி12 மூலக்கூறின் நடுவிலும் ஒரு கோபால்ட் அணு இருக்கிறது. ஆனால் அது தனியாகக் கழன்று திரிவதில்லை, வளையத்துக்குள் பூட்டிக்கிடக்கிறது. அளவும் பொருட்டில்லை: பெரியவருக்கு ஒரு நாளைக்குத் தேவையான 2.4 மைக்ரோகிராம் பி12இல் உள்ள கோபால்ட் ஒரு மைக்ரோகிராமில் பத்தில் ஒரு பங்கு. கியூபெக் குடிகாரர் ஒருவரின் ஒரு நாள் அளவு அதைப்போல் கிட்டத்தட்ட 80,000 மடங்கு. பி12 ஊசி போட்டவர் இதயத்தை நினைத்துக் கவலைப்பட வேண்டியதில்லை.

நம் ஊரில் கோபால்ட் என்ற பெயர் இன்னொரு இடத்தில் காதில் விழும். புற்றுநோய்க்குக் 'கரண்ட் வைக்கிறார்கள்' என்று சொல்வோமே, அந்தக் கதிர்வீச்சைத் தந்தது வெகுகாலம் கோபால்ட்-60. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு 1950களின் பின்பாதியிலேயே கனடாவில் செய்த கருவி வந்துவிட்டது. அது வேறு கதை. அங்கே உலோகம் உடம்புக்குள் போவதே இல்லை. கருவியில் அடைத்துவைத்த கதிரியக்கக் கோபால்ட்டிலிருந்து காமாக் கதிர் மட்டும் வருகிறது.

இடுப்பிலிருந்து வந்த கோபால்ட்

இன்று மருத்துவமனையில் கோபால்ட் நஞ்சைச் சந்திக்க வாய்ப்புள்ள இடம் செயற்கை இடுப்பு மூட்டு. மூட்டின் பந்துப் பகுதி பெரும்பாலும் கோபால்ட்-குரோமியக் கலவையில் செய்யப்படுவது. பந்தும் உலோகம், அது சுழலும் கிண்ணமும் உலோகம் என்ற வகை 2000களில் நிறையப் பேருக்குப் பொருத்தப்பட்டது. நடக்க நடக்க உரசி, கண்ணுக்குத் தெரியாத தூள் உதிரும். அதிலிருந்து கோபால்ட் ரத்தத்தில் கலக்கும். அந்த வகையில் ஏஎஸ்ஆர் என்ற மூட்டை ஜான்சன் அண்டு ஜான்சனின் துணை நிறுவனமான டிபியூ 2010இல் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. பொருத்திக்கொண்டவர்கள் சுமார் 93,000 பேர்; இந்தியாவில் சுமார் 4,700 பேர். இங்கே இழப்பீட்டுப் பேச்சு முடிவுக்கு வரவே வருடங்கள் பிடித்தன.

ஜெர்மனியின் மார்பர்க் நகரத்தில் 2012இல் பார்க்கப்பட்ட நோயாளியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 55 வயது ஆண். இதயம் ரத்தத்தைத் தள்ளும் திறன் மிகக் குறைந்திருந்தது. காரணம் தெரியாத காய்ச்சல், உணவுக்குழாயில் புண், தைராய்டு சுரப்புக் குறைவு. காது கேட்பது போய்க்கொண்டிருந்தது. கண் பார்வையும் ஏறக்குறையப் போய்விட்டது. ஒவ்வோர் உறுப்புக்கும் ஒவ்வொரு நிபுணர் பார்த்தார்கள். இவர் யூர்கன் ஷேஃபர் என்ற பேராசிரியரின் குழுவிடம் வந்து சேர்ந்தார். ஷேஃபர், மருத்துவ மாணவர்களுக்கு 'ஹவுஸ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரை வைத்துப் பாடம் எடுப்பவர். அந்தத் தொடரில் ஒரு நோயாளிக்கு இடுப்பு மூட்டிலிருந்து கோபால்ட் நஞ்சேறும் கதை வருகிறது. இதயம், தைராய்டு, காது, கண், கூடவே மாற்று இடுப்பு என்ற சேர்க்கையைப் பார்த்ததும் அவருக்கு அது பொறிதட்டியது.

பழைய பதிவுகளைப் புரட்டியபோது விவரம் கிடைத்தது. இவருக்கு முதலில் இருந்தது பீங்கான் மூட்டு. அது உடைந்ததால் 2010இல் எடுத்துவிட்டு, உலோகப் பந்து வைத்த வேறு மூட்டைப் பொருத்தியிருந்தார்கள். உள்ளே தங்கிப்போன பீங்கான் துகள்கள் உலோகப் பந்தை அரம் போட்டதுபோல் ராவித் தள்ளியிருந்தன. எக்ஸ்ரேயில் மூட்டைச் சுற்றி உலோகத்தூள் படிந்திருந்தது தெரிந்தது. ரத்தத்தில் கோபால்ட், சாதாரண உச்ச அளவைப்போல் சுமார் 1,000 மடங்கு.

கியூபெக் தைராய்டும் ஊதா முகமும் தெரிந்திருந்த யாருக்கும் தொலைக்காட்சித் தொடர் தேவைப்பட்டிருக்காது என்று வீம்பாகச் சொல்லலாம். ஆனால் 46 வருடத்துக்கு முந்தைய பீர் விவகாரத்தை எத்தனை இதய மருத்துவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள்? குடிக்காத ஒருவருக்கு இதயம் வீங்கினால் யார் இடுப்பைப் பற்றிக் கேட்பார்கள்? உலோகப் பந்தை எடுத்துவிட்டுத் திரும்பவும் பீங்கான் வைத்தபின் காய்ச்சல் நின்றது. 25 சதவீதமாக இருந்த இதயத்தின் தள்ளுதிறன் 40 சதவீதத்துக்கு ஏறியது. கண்ணும் காதும் பெரிதாகத் திரும்பவில்லை. இந்த நோயாளியின் கதை 2014இல் லான்செட் இதழில் வந்தது.

இடுப்பில் உலோக மூட்டு வைத்தவர்களுக்காக பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010இல் ஓர் எல்லை வைத்தது: ரத்தத்தில் கோபால்ட்டோ குரோமியமோ லிட்டருக்கு 7 மைக்ரோகிராமைத் தாண்டினால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். எல்லையைத் தாண்டினால் நஞ்சேறிவிட்டது என்று அர்த்தமில்லை. தாண்டிய பலர் நன்றாக நடமாடுகிறார்கள். ஆனால் சிறுநீரகம் பழுதானவருக்கும், சரியாகச் சாப்பிடாமல் உடம்பு வற்றியவருக்கும், நிறையக் குடிப்பவருக்கும் அந்த எண்ணை மற்றவர்களுக்குப் படிப்பதுபோல் படிக்கக் கூடாது. இந்தச் சோதனைக்கு ரத்தம் எடுக்கும்போது, நுண்ணளவு உலோகங்களை அளப்பதற்கென்றே வரும் தனிக் குழாயில்தான் எடுக்க வேண்டும். சாதாரணக் குழாயிலிருந்தே உலோகம் கலந்து கணக்கைக் கெடுக்கலாம். மூட்டு மாற்று அறுவைக்குப் போகிறவர்கள், எந்த நிறுவனத்தின் எந்த மாடல் வைத்தார்கள் என்பதை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்து ஓர் இதய மருத்துவர் கேட்டால் எடுத்துக் காட்ட அந்தத் தாள் கையில் இருக்கும்.